லீட் என்று கூப்பிட்டாலும் நீங்கள் மேற்பார்வையாளர்தான்

தம்பி, ரொறன்ரோவுக்கு வந்து ஆறு மாதத்திலேயே களஞ்சியத்தில் எட்டுப் பேருக்கு உங்களை லீட், அதாவது குழுத் தலைவர், ஆக்கியிருக்கிறார்கள். பெட்டிகளை நகர்த்தும் கொன்வேயர் பெல்ற்றில் பெட்டி சிக்கினால் ஓட்டத்தை நிறுத்தாமல் கையால் இழுக்கச் சொல்கிறார் முகாமையாளர். மறுத்தால் வேலை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் தொழில்சார் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை. ஒரேயொரு தொழிலாளி மீது அதிகாரம் இருந்தாலும் நீங்கள் மேற்பார்வையாளர். அதற்கான அடிப்படைப் பயிற்சியை ஒரு வாரத்துக்குள் முடித்திருக்க வேண்டும். தராவிட்டால் நாளைக்கே கேளுங்கள்.

2009 டிசம்பர் 24 அன்று இதே நகரத்தில், அடுக்குமாடிக் கட்டடமொன்றின் பல்கனிகளைத் திருத்திக்கொண்டிருந்தவர்களின் தொங்குமேடை முறிந்து விழுந்தது. மேடையில் ஆறு தொழிலாளர். பாதுகாப்புக் கயிறுகளோ இரண்டே. நால்வர் இறந்தார்கள், எல்லோரும் நம்மைப் போல் குடிபெயர்ந்து வந்தவர்கள். கயிறு போதாது என்று தெரிந்தும் வேலையைத் தொடரவிட்ட திட்ட முகாமையாளருக்கு 2016இல் மூன்றரை ஆண்டுச் சிறை கிடைத்தது. மேலிடம் அவசரப்படுத்தியது என்ற பேச்சு உங்களையும் காப்பாற்றாது.

என் முதல் வேலையில் லீடாக இருந்த பெண்மணியை இன்றும் நினைக்கிறேன். பெட்டி சிக்கியதும் நான் கையை நீட்டினேன். அவர் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார், மின்விசையை நிறுத்தினார், என் கையில் ஒரு பூட்டைத் தந்து விசையில் போடச் சொன்னார். "உன் கை உள்ளே இருக்கும்வரை சாவி உன் பையிலேயே இருக்கட்டும்" என்றார். வெளியே லொறி காத்து நின்றது, உள்ளே முகாமையாளர் சத்தம் போட்டார். அந்தப் பெண்மணி திரும்பியும் பார்க்கவில்லை. அந்த வருடம் முழுக்க எங்களில் ஒருவர்கூட ஓடும் பெல்ற்றில் கை வைக்கவில்லை.

ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை உங்களுக்கும் உண்டு, உங்கள் எட்டுப் பேருக்கும் உண்டு. அவர்களில் ஒருவர் மறுத்தால், தொழிலாளர் பாதுகாப்புப் பிரதிநிதியை வைத்துக்கொண்டு நீங்கள் உடனே விசாரிக்க வேண்டும். தீராவிட்டால் தொழில் அமைச்சின் பரிசோதகரை அழைக்க வேண்டும். மறுத்ததற்காக வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். முகாமையாளர் முகம் சுளிக்க மாட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் அவர் சொன்னதைத் திகதியிட்டு மின்னஞ்சலில் எழுதிவையுங்கள்.

இன்னொன்று. ஆங்கிலம் புரியாதவர்கள் எல்லாவற்றுக்கும் "ஓகே" என்று தலையாட்டுவார்கள், நானும் ஆட்டியிருக்கிறேன். சொல்லிவிட்டுப் போகாமல், செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள்.