காந்தம் எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி: அப்பாவுக்குப் போன மாதம் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். காந்தம் உள்ள எதையும் நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். வீட்டில் எதற்குள் காந்தம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தனியாகக் கருவி வாங்க வேண்டுமா? (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வாங்க வேண்டாம். ஒரு தையல் ஊசியும் ஒரு முழம் நூலும் போதும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தில் ஊசியை ஒரே திசையில் முப்பது, நாற்பது தடவை இழுத்துத் தேயுங்கள். நடுவில் நூலைக் கட்டித் தொங்கவிட்டால் கொஞ்சம் ஆடிவிட்டு வடக்கு தெற்காக நிற்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். மதுரையில் இந்த ஊசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். லண்டனில் ஒரு முனை செங்குத்தாகத் தலைகுனியப் பார்க்கும். பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் கோடு, நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது அல்லவா, அதனால்தான். ராக்கெட் ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் கோட்டுக்காகத்தான்.

இனிமேல்தான் பலரும் ஏமாறும் இடம். ஊசி திரும்பிவிட்டது என்பதற்காக அங்கே காந்தம் இருப்பதாக முடிவுகட்டிவிடாதீர்கள். வெறும் இரும்பும் ஊசியை இழுக்கும். சந்தேகப்படும் பொருளின் ஒரே இடத்தை முதலில் ஊசியின் ஒரு முனைக்கும் அப்புறம் மறு முனைக்கும் காட்டுங்கள். இரண்டும் ஒட்ட வந்தால் இரும்பு. ஒன்று வந்து, மற்றது விலகி ஓடினால் காந்தம். விலகுவதுதான் சாட்சி. தூரத்திலிருந்து மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். பலமான காந்தத்தை ஒரேயடியாகக் கிட்டத்தில் நீட்டினால் ஊசியின் முனைகளே மாறிப்போய், சோதனை பொய்யாகிவிடும்.

என் வீட்டில் இப்படிச் சுற்றி வந்தபோது இரும்பு பீரோவில் இரண்டு முனையும் ஓடிப்போய் ஒட்டின. தோளில் மாட்டும் கைப்பையின் பூ போட்ட பட்டனுக்கு நான்கு விரற்கடை தள்ளியே ஊசி பின்வாங்கியது. உள்ளே காசு அளவில் ஒரு காந்த வில்லை. அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவர்களை நினைத்துக்கொண்டேன். காதில் செருகும் இயர்பட்ஸ், அதன் டப்பி, மொபைலின் மடக்கு உறை, சட்டையில் ஊசியில்லாமல் ஒட்டும் பெயர்ப் பட்டை, அலமாரிக் கதவின் பிடிப்பான் எல்லாவற்றிலும் காந்தம் உண்டு. பிரிட்ஜ் கதவின் ரப்பர் பட்டையிலும் உண்டு. ஆனால் அதில் வட, தென் முனைகள் கோடுகோடாக அடுத்தடுத்து இருப்பதால் ஒரு விரல் தள்ளினாலே வலு போய்விடும்.

எவ்வளவு என்று எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் மொபைலில் காந்தமானி ஆப் ஒன்றைப் போடுங்கள். முதலில் உறையைக் கழற்றுங்கள். நான் கழற்ற மறந்துவிட்டு, எந்த அறைக்குப் போனாலும் 300 மைக்ரோ டெஸ்லா (காந்தத்தின் வலுவை அளக்கும் அலகு) காட்ட, வீட்டுச் சுவரெல்லாம் காந்தமோ என்று பயந்தேன். மொபைலைக் காற்றில் எட்டுப் போல நாலைந்து முறை சுழற்றிவிட்டால், வெறும் இடத்தில் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா காட்டும். அது பூமியின் காந்தம். பேஸ்மேக்கர்கள் பொதுவாக 1,000 மைக்ரோ டெஸ்லா வரை பாதிக்கப்படாதபடி செய்யப்படுகின்றன. அதற்கு மேல் போனால் பல மாடல்கள் இதயத்தைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு, ஒரே சீரான வேகத்தில் துடிப்பு கொடுக்க ஆரம்பிக்கும். காந்தத்தை எடுத்ததும் பழையபடி ஆகிவிடும். அப்பாவுக்கு வைத்திருப்பது, இதயம் தாறுமாறாகத் துடித்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி என்றால் இன்னும் கவனம் தேவை, காந்தம் அந்த ஷாக்கையே தடுத்துவிடலாம்.

பயப்படத் தேவையில்லை, தூரமே மருந்து. சின்னக் காந்தத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளினால் வலு எட்டில் ஒரு பங்காகும். 15 சென்டிமீட்டர், அதாவது அரை அடி தள்ளி இருக்கட்டும் என்பது அதனால்தான். மொபைலைச் சட்டைப் பையில் வைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இண்டக்‌ஷன் அடுப்பை ஊசியாலோ ஆப்பாலோ சோதிக்க முடியாது. அதன் காந்தப்புலம் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும். ஊசி அசையாமல் நிற்கும். இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். லைன் பார்க்கும் டெஸ்டரும் இதற்கு உதவாது, அது பார்ப்பது மின்னழுத்தத்தை.

தேடும் வேலையை அப்பாவிடம் கொடுக்காமல் நீங்களே செய்யுங்கள். ஊசி தேய்த்தீர்களே, அந்த ஸ்பீக்கர் காந்தம், வீட்டிலேயே பலமானது அதுவாகத்தான் இருக்கும். வேலை முடிந்ததும் முதலில் அதைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.