முதலில் ஆஸ்பத்திரி, பொலிஸ் பயம் பிறகு

தங்கச்சி, உப்புவெளியில் இருக்கிற உங்கள் சிநேகிதி கரு கலையக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு மூன்று நாளாக இரத்தம் நிற்கவில்லை, காய்ச்சலும் காய்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வருமோ என்று வீட்டிலேயே கிடக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்த கையோடு திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை. காய்ச்சலோடு இரத்தம் போனால் கிருமி ஏறியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. என்ன மாத்திரை, எத்தனை போட்டார் என்று டொக்டரிடம் மறைக்க வேண்டாம்.

பயம் சும்மா வந்ததில்லைதான். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு அல்லாமல் கருவைக் கலைத்தால் 3 வருடம் வரை மறியல் என்கிறது, தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் அதற்குள் வருகிறார். வல்லுறவில் தங்கிய கருவுக்குக்கூட விலக்கில்லை. 1995இலும் 2017இலும் தளர்த்தப் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்ததும் கிடப்பில் போட்டுவிட்டார்கள் (பெற்றுப் பார்க்காதவர்களின் சத்தம்தான் எப்போதும் பெரிது).

ஆனால் இரத்தப்போக்குக்கு வைத்தியம் பார்ப்பது குற்றமே இல்லை. அப்புறம் யாராவது விசாரித்தால், சட்டத்தரணியோடு பேசாமல் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம், வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம். இப்போது கிளம்புங்கள்.