தாத்தாவின் மடக்குக் கத்தி (கடிதம்)

அன்புள்ள ஐயா,

தாத்தா வைத்திருந்த மடக்குக் கத்தி ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. எலும்புக் கைப்பிடி, உள்ளே பித்தளைத் தகடு. பூட்டு கிடையாது, முதுகிலுள்ள ஸ்பிரிங்தான் அலகைப் பிடித்து நிறுத்துகிறது. அலகு கறுத்துவிட்டது, திறந்தால் லேசாக ஆடுகிறது. மடக்கினாலும் முனை வெளியே நீட்டிக்கொண்டு பையைக் கிழிக்கிறது. மோட்டார் சாணையில் பளபளப்பாக்கி, முனையையும் வெட்டிவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மோட்டார் சாணை வேண்டவே வேண்டாம். நான் வாங்கிய முதல் பழைய கத்தியை அப்படித்தான் கெடுத்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் முனை நீலமாகிவிட்டது. அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன்! எஃகில் அந்த நீலம் வர ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். கார்பன் எஃகு அலகுக்குப் பெரும்பாலும் 200 டிகிரியை ஒட்டித்தான் பதம் கொடுப்பார்கள். அதை மீறிச் சூடேறினால் பதம் இறங்கி எஃகு மென்மையாகிவிடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது.

கறுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். பழம் நறுக்கி நறுக்கிக் கார்பன் எஃகில் ஏறும் சாம்பல் நிறம் அது, செந்துருவை ஓரளவு தடுக்கும். விரலில் செம்பொடி ஒட்டினால் மட்டும் எண்ணெய் தொட்டு மெல்லிய எஃகுப் பஞ்சால் தேய்த்தெடுங்கள். மூட்டுக்கு மினரல் ஆயில் ஒரு சொட்டு போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகி, அழுக்கையும் சேர்த்துக்கொள்ளும்.

முனைக்கு வருவோம். பல வருடம் தீட்டியதில் கூர்ப்பக்கம் தேய்ந்து, முனை முதுகை நோக்கி ஏறியிருக்கும். அதனால்தான் மடக்கினாலும் வெளியே தெரிகிறது. அலகின் அடியில், கூர் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், சிறு மேடு ஒன்று இருக்கும். மடக்கும்போது அந்த மேடுதான் ஸ்பிரிங்கின் மேல் உட்காருகிறது. அதை அரத்தால் கொஞ்சம் இறக்கினால் அலகு முழுவதும் உள்ளே அமிழும், முனையும் மறையும். எளிய வேலைதான், ஆனால் கூர் ஸ்பிரிங்கில் மோதாமல் காப்பதும் அதே மேடுதான். இரண்டு இழுப்பு இழுங்கள், மடக்குங்கள், மறுபடி திறந்து கூர்ப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். எங்காவது மழுங்கிய புள்ளி பளிச்சென்று மின்னினால் எல்லை தாண்டிவிட்டீர்கள். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. அதற்குள் முனை அடங்காவிட்டால், முதுகுப் பக்கத்திலிருந்து கையால் கல்லில் உரசி முனையைத் தாழ்த்துங்கள். அந்த அளவுக்கு உங்கள் நண்பர் சொன்னது சரி.

ஆட்டம் லேசானது என்றால் விட்டுவிடுங்கள். மூட்டு ஆணியைத் தட்டி இறுக்கலாம்தான். ஆனால் எலும்புக்குப் பக்கத்தில் சுத்தியல் பட்டால் விரிசல் விழலாம். அளவுக்கு மேல் இறுகினாலோ அலகு அசையாது. எலும்பைத் தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டாம்.

கைப்பிடியைச் செதுக்கி, வடிவம் மாற்றிப் பார்க்கும் ஆசை இருந்தால் அதற்கு வேறு கத்தி எடுங்கள். 1890-இல் பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஒபினெல் வடிவமைத்த ஒபினெல் கத்தி இதற்குத் தோதானது. ஒரே மரத்துண்டில் கைப்பிடி, அலகு, ஓர் ஆணி, கழுத்தில் ஓர் உலோக வளையம், அதன் மேல் 1955-இல் சேர்ந்த பூட்டு வளையம், அவ்வளவுதான். மரம் ஈரத்தில் உப்பி அலகை இறுக்கிப் பிடிக்கும், உட்புறத்தை உப்புத்தாளால் சற்றுத் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசினால் தொல்லை குறையும். தப்பாகப் போனாலும் தாத்தாவின் கத்தி தப்பித்தது.

இன்னொன்று. அலகின் அடிப்பகுதியில் செய்தவரின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அரத்தை எடுக்கும் முன் அதைப் படம்பிடித்து வையுங்கள், எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.