மாத்திரை போட்டா மனுஷனாயிடலாமா?

கேள்வி: ஜீனை எடிட் பண்ணி அதிபுத்திசாலி குழந்தை, வயசே ஆகாத உடம்புன்னு பேசிக்கிறாங்களே, ஆப்பிரிக்கத் தத்துவம் இதுக்கு என்ன சொல்லும்? எங்க காலேஜ் சார் எதுக்கெடுத்தாலும் உபுண்டுங்கறார்.
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: சார் சரியான இடத்தைத்தான் காட்டறார். உபுண்டுன்னா, மத்த மனுஷங்களோட சேர்ந்துதான் ஒருத்தன் மனுஷன் ஆகறான்ங்கற ஆப்பிரிக்கத் தத்துவம். ‘நாம இருக்கறதாலதான் நான் இருக்கேன்’னு கென்யாவோட தத்துவ அறிஞர் ஜான் எம்பிட்டி 1969-ல எழுதினதை இப்ப டீ-ஷர்ட்ல அச்சடிச்சு தேய்ச்சுட்டாங்க, எனக்கு அதைவிட புடிச்சது நைஜீரியத் தத்துவ அறிஞர் இஃபியானி மென்கிட்டி 1984-ல எழுதின கட்டுரை. பொறந்ததுமே யாரும் முழு மனுஷன் ஆயிடறதில்ல, நாலு பேரோட வாழ்ந்து, செய்ய வேண்டியதை செஞ்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஆகணும், கடைசிவரை ஆகாமலே போறவங்களும் உண்டுங்கறார். அப்படிப் பார்த்தா ஐக்யூவை எவ்வளவு ஏத்தினாலும் மனுஷத்தன்மை ஏறாது. இரக்கம் வர்றதுக்கே மாத்திரை வந்துட்டா? அவர் மாத்திரை பத்தி எழுதல, ஆனா அவர் வழியில யோசிச்சா அது நீங்க சம்பாதிச்ச இரக்கம் இல்ல.

ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. எல்லாம் சமூகம் கையிலன்னா ‘உன் குழந்தைக்கு இந்த ஜீன்தான்’னு ஊரே முடிவு பண்ணினா என்ன செய்யறது? கானாவோட தத்துவ அறிஞர் குவாமே ஜெக்கியே, மென்கிட்டி ரொம்ப தூரம் போயிட்டார், தனி மனுஷனுக்கும் உரிமை உண்டுன்னு மறுத்தார். நான் ஜெக்கியே கட்சி.

கேள்வி: அப்ப உபுண்டு டெக்னாலஜிக்கு எதிரியா?
- அதே மாணவி

பதில்: அதெல்லாம் இல்லம்மா. சிக்கிள் செல்னு ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சுபோற ஒரு பரம்பரை நோய், அதுக்கு காஸ்கெவின்னு ஒரு ஜீன் சிகிச்சை, 2023 கடைசியில பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் அனுமதி கிடைச்சது. ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து லேப்ல எடிட் பண்றாங்க, கீமோ குடுத்து எலும்பு மஜ்ஜையை காலி பண்ணிட்டு திரும்ப ஏத்தறாங்க, ஆஸ்பத்திரியில வாரக்கணக்குல கிடக்கணும். அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். அந்த நோயோட பொறக்கற குழந்தைங்கள்ல முக்கால்வாசி சஹாராவுக்கு தெக்க இருக்கற ஆப்பிரிக்காவுலதான். உபுண்டு இங்கதான் விரலை நீட்டி கேள்வி கேக்கும், இத்தனை பேர் க்யூவுல நிக்கும்போது நல்லா இருக்கற குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் மூளை வேணும்னு லேப் பணத்தை யார் அந்தப் பக்கம் திருப்பிவிடறாங்கன்னு. அறிவை ஏத்தலாமா வேண்டாமாங்கற சண்டையை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்.