பூப்பந்து (பேட்மிண்டன்): வாசகர் கேள்விகளும் பதில்களும்

(இந்த மாதக் கேள்விகள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தவை.)

மகளுக்குப் 11 வயது. ஸ்மாஷ் (மேலிருந்து ஓங்கிக் கீழ்நோக்கி அடிப்பது) பலமாக அடிக்கிறாள். அனைத்துலக ஆட்டக்காரராக வர இப்போதே என்ன செய்யலாம்?

ஸ்மாஷ் பிறகு வரும். முதலில் கால்களைக் கவனியுங்கள். எதிராளியின் ராக்கெட் பந்தைத் தொடும் கணத்தில் அவள் இரு கால்களாலும் லேசாகக் குதித்து இறங்க வேண்டும். இது பிந்தினால் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பந்து தாழ்ந்த பிறகுதான் கைக்கு எட்டும். பந்தே இல்லாமல் பழக்குங்கள்: நீங்கள் கைகாட்டும் மூலைக்குப் போய் நடுவுக்குத் திரும்புவது 20 விநாடி, ஓய்வு 40 விநாடி, இப்படி எட்டுச் சுற்று. வலக்கைக்காரர் என்றால் வலையருகே கடைசி அடி வலக்காலில், குதிகால் முதலில் பதிய வேண்டும். முட்டி கால்விரல் பார்க்கும் திசையிலேயே மடங்க வேண்டும். முட்டி உள்பக்கம் சாயத் தொடங்கினால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். முட்டிவலி அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

பள்ளி அணியில் சேர்த்து மாவட்டப் போட்டிக்கு அனுப்புங்கள். கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியில் படிவம் 1 (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) சேர, ஆறாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் பாலாய் ராயாவில் (பொது மண்டபத்தில்) சிமெண்டுத் தரை, சுவரும் பாதிதான். அங்கே பழகலாமா?

பழகலாம், ஆனால் குதித்து அடிக்கும் பயிற்சி வேண்டாம். சிமெண்டு அதிர்வை வாங்கிக்கொள்ளாது. கெண்டைக்கால் தசைநாரும் முன்னங்கால் எலும்பும்தான் வாங்கும். ஓட்டக் காலணிக்குக் குதிப்பகுதி உயரம், பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் பிசகும். தட்டையான ரப்பர் அடியுள்ள பூப்பந்துக் காலணியே வேண்டும்.

காற்றடிக்கும் மண்டபத்தில் வலையோரத் தட்டலும் சர்வீஸும் பழகுங்கள். சர்வீஸில் பந்து அடிபடும்போது அது முழுதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும்; அந்த உயரத்தில் ஒரு கயிறு கட்டிவிட்டால் தவறு உடனே கண்ணில் படும்.

நம் ஊர் வெப்பத்தில் இறகுப் பந்து வேகமாகப் பறக்கும், ஆகவே மெதுவான வேக எண்ணையே (எண் சிறிதானால் வேகம் குறைவு) வாங்குங்கள். சோதிக்க, பின்கோட்டில் நின்று கீழ்க்கையால் முழு வீச்சில் மேல்நோக்கி அடியுங்கள். எதிர்ப்புறப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் உள்ளே விழுந்தால் பந்து சரி.

உலகத் தரவரிசையில் ஏறுவது எப்படி? மகனுக்கு 19. கடன் வாங்கிப் பெரிய போட்டிகளுக்கு அனுப்பலாமா?

கடன் வாங்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். கடந்த 52 வாரங்களில் ஆடியவற்றில் சிறந்த 10 போட்டிகளின் புள்ளிகள் மட்டுமே கூட்டப்படும். சிறிய போட்டியிலிருந்து பெரியதுவரை பார்த்தால், வாகை சூடுபவருக்குப் பியூச்சர் சீரீஸில் 1,700, இண்டர்நேஷனல் சீரீஸில் 2,500, சேலஞ்சில் 4,000, சூப்பர் 300-இல் 7,000, மலேசிய ஓப்பன் போன்ற சூப்பர் 1000-இல் 12,000. பெரிய போட்டியில் இடமே தரவரிசைப்படிதான் கிடைக்கும். புள்ளி இல்லாமல் போனால் தகுதிச் சுற்றிலேயே தோற்றுத் திரும்புவார், விமானச் செலவுதான் மிஞ்சும். அருகிலுள்ள நாடுகளில் நடக்கும் சிறிய போட்டிகளில் காலிறுதி, அரையிறுதி என்று தொடர்ந்து எட்டுவதே வழி. பத்துக்கு மேல் ஆடலாம். ஆனால் பலவீனமான முடிவு பத்துக்குள் நுழையாது, உடம்புதான் தேயும். அதோடு, ஓர் ஆண்டு கழிந்ததும் பழைய புள்ளி கழன்றுவிடும். சென்ற ஆண்டு வென்ற இடத்தில் இந்த ஆண்டு முதல் சுற்றிலேயே தோற்றால் தரவரிசை சரிவது இதனால்தான்.

பதிவு மலேசியப் பூப்பந்து சங்கத்தின் வழியே போகும். தேசிய அணியில் இல்லாதவர் பயண, பயிற்றுநர், உடற்சிகிச்சைச் செலவுகளைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். மலேசிய ஒற்றையர் ஆட்டக்காரர் லீ ஸீ ஜியா 2022-இல் தேசிய அணியிலிருந்து விலகி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். ஆனால் அவர் விலகும்போதே 2021 ஆல் இங்கிலாந்து போட்டியின் வெற்றியாளர், விளம்பரதாரர்கள் தேடி வந்தார்கள்.

ஒற்றையரா, இரட்டையரா?

17 வயதுவரை இரண்டையும் ஆடட்டும். செரம்பான் கிஷோனா செல்வதுரை 2019 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றார். தீனா முரளிதரன், பெர்லி டானுடன் 2022 காமன்வெல்த் இரட்டையர் தங்கமும் 2025 உலகப் போட்டியில் வெள்ளியும் பெற்றார். இரட்டையரில் தரவரிசைப் புள்ளி சோடிக்கே சேரும், ஆளுக்கு அல்ல. அடிக்கடி துணை மாற்றுவது ஏறிய படியை எல்லாம் இழப்பதாகும்.

ராக்கெட் நரம்பை எத்தனை பவுண்டு இழுக்கலாம்?

15 வயதுக்குள் 20 முதல் 22. பெரியவர்களைப் பார்த்து 28 இழுத்தால் பந்து போகாது, கையை முறுக்கி அடிப்பார்கள், முழங்கை வலிக்கும்.