வெயிலில் கொதிக்கும் கியர்பாக்ஸ்: ஆயில் கூலர் பற்றிக் கேள்வி பதில்

கியர்பாக்ஸ் ஆயில், எஞ்சின் ஆயில் இரண்டின் சூட்டையும், அந்தச் சூட்டை இறக்கும் ஆயில் கூலரையும் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதுகிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துக் கோர்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் பேச்சு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெயில் 42 டிகிரியைத் தாண்டினால், டிராஃபிக்கில் ஊரும்போது என் ஆட்டோமேட்டிக் வண்டி கியர் மாறுகையில் இடிக்கிறது. கிடைக்கிறதிலேயே பெரிய கூலராக வாங்கி மாட்டிவிடட்டுமா அண்ணே?

அவசரப்படாதீர்கள். முதலில் ஆயில் எவ்வளவு சூடாகிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸ் சூட்டைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்றைச் சொருகி ஒரு வாரம் ஓட்டுங்கள். 80 முதல் 95 டிகிரி வரை இருந்தால் கவலையே வேண்டாம். மலையேற்றத்தில் கொஞ்ச நேரம் 110 தொட்டு இறங்கினாலும் பரவாயில்லை. 120-ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் சிக்கல். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

ஊரும்போது ஏன் சூடு? எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சின் பக்கச் சக்கரம் வேகமாகச் சுற்றும், கியர் பக்கச் சக்கரம் மெதுவாகச் சுற்றும். அந்த வித்தியாசம் முழுக்க ஆயிலைக் கடைந்து சூடாக்குகிறது. வேகம் பிடித்ததும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடும், சூடு இறங்கும். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடும் வண்டி நெரிசலில் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

கூலர் வாங்குவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்கும் அதன் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருக்கும், அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். இதே புகாரோடு வந்த ஒரு வண்டியில் கண்டென்சரின் முன்பக்கம் கழுவி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. ரேடியேட்டரைக் கழற்றினால், புழுதி, காய்ந்த புல், பூச்சி இறக்கை எல்லாம் கசிந்த ஆயிலோடு சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டிக்கிடந்தது. விளிம்பைப் பிடித்து இழுத்தேன், பாதி ரேடியேட்டர் அகலத்துக்கு ஒரே துண்டாக உரிந்து வந்தது. கூலர் வாங்கும் பேச்சு அன்றோடு நின்றது.

கேள்வி: ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயிலுக்கு ஒரு கூலர் இருக்கிறதே. வெளியே புதிதாக மாட்டினால் அதைத் துண்டித்துவிடலாமா?

துண்டிக்க வேண்டாம். உள்ளே இருப்பது கெட்டிக்காரக் கூலர். காற்றைவிடத் தண்ணீர் சூட்டை வேகமாக வாங்கிக்கொள்ளும். அதன் ஒரே குறை, சுற்றியிருக்கும் கூலன்ட்டின், அதாவது ரேடியேட்டர் தண்ணீரின், சூட்டுக்குக் கீழே ஆயிலை இறக்க முடியாது என்பதுதான். காலையில் எடுத்ததும் ஆயிலைச் சீக்கிரம் பதமான சூட்டுக்குக் கொண்டுவருவதும் அதுவே.

ஆகவே வரிசை இப்படி: கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டர், அங்கிருந்து புதுக் கூலர், பிறகு மறுபடி கியர்பாக்ஸ். மாற்றி இணைத்தால், புதுக் கூலரில் இறக்கிய சூட்டை ரேடியேட்டர் திருப்பி ஏற்றிவிடலாம். ரேடியேட்டர் உள்ளே ஒழுகுமோ என்ற பயம் உள்ள வண்டிகளில் மட்டும் துண்டிப்பதில் நியாயம் உண்டு. கூலன்ட் கலந்த கியர் ஆயில் இளஞ்சிவப்பு நுரையாகிவிடும், கிளட்ச் தகடுகளில் உராயும் பகுதியை ஒட்டியிருக்கும் பசையே விட்டுப்போகும். அப்புறம் முழு ஓவர்ஹால்தான்.

கேள்வி: எந்த வகைக் கூலர் நல்லது, எங்கே மாட்டுவது?

தகடுகளை அடுக்கிய ஸ்டாக்டு பிளேட் வகை. அதே அளவுள்ள குழாய்க் கூலரைவிட நன்றாக வேலை செய்யும். கண்டென்சருக்கு முன்னால், ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு, தனி பிராக்கெட்டில் ரப்பர் வைத்து மாட்டுங்கள். கூலரின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்குள் பிளாஸ்டிக் பட்டையை நுழைத்து இறுக்கும் கிட்டுகள் வருகின்றன. ஆட்டத்தில் பட்டை உரசி உரசிக் குழாயை ஓட்டையாக்கும், அதை வாங்காதீர்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: கண்டென்சரின் முன்னால் வைக்கும் கூலர் தன் சூட்டை ஏசி மேல்தான் ஊதும். தேவைக்கு மேல் பெரிதாக வைத்தால் காற்றையும் மறைக்கும்.

கேள்வி: பெட்ரோல் ஹோஸ் கைவசம் இருக்கிறது. அதையே போட்டால் ஆகாதா?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டேன், சொந்த வண்டியில். சில மாதத்தில் ஹோஸ் உப்பி, கிளிப் இருந்த இடத்தில் வெடிப்பு விட்டது. ஆயில் முழுக்க ரோட்டில். கியர் ஆயில் சூட்டைத் தாங்குவதற்கென்றே வரும் டிரான்ஸ்மிஷன் கூலர் ஹோஸை மட்டும் போடுங்கள். மாட்டிய இரண்டாம் நாள் ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளை டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கசிவுகூட அதில் சிவப்பாகத் தெரியும்.

கேள்வி: சார், டர்போ பெட்ரோல் வண்டி. எஞ்சினுக்கும் இதே கூலரைப் போடலாமா?

இதே கூலர் கூடாது. கியர்பாக்ஸ் கூலர் லைனில் அழுத்தம் குறைவு. எஞ்சின் ஆயில் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் 5, 6 பார் வரை போகும், குறுகலான கூலர் தாங்காது. எஞ்சினுக்கென்று செய்ததை, ஆயில் ஃபில்டருக்கு அடியில் உட்காரும் சாண்ட்விச் பிளேட் வழியாக இணையுங்கள். அந்தப் பிளேட்டில், ஆயில் சூடான பிறகே கூலருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் கட்டாயம் இருக்க வேண்டும், 80 டிகிரிவாக்கில் திறப்பது போதும்.

பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். ஆயில் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார்கள். எஞ்சின் ஆயில் 100 டிகிரி அளவுக்காவது சூடாக வேண்டும், அப்போதுதான் அதில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகும். எப்போதும் 70-லேயே ஓடினால் உள்ளே கசடு கட்டும். 130-ஐ விட்டு இறங்காத வண்டிக்கே கூலர் தேவை. சாதாரண ஓட்டத்துக்கு, பெரும்பாலான டர்போ எஞ்சின்களில் கம்பெனி வைத்த தண்ணீர்க் கூலரே போதுமானது.

கேள்வி: கூலருக்குப் பதில் கெட்டியான ஆயில் ஊற்றினால்?

கையேட்டில் வெளிச் சூட்டுக்கு ஏற்ற கிரேடு அட்டவணை இருந்தால், அது அனுமதிக்கும் அளவுக்குப் போகலாம். அதைத் தாண்டாதீர்கள். கெட்டி ஆயில் சூட்டைக் குறைக்காது, உரசல் கூடுவதால் கொஞ்சம் ஏற்றவும் செய்யும்.

கேள்வி: டூயல் கிளட்ச் வண்டிக்கும் இது உதவுமா?

டிரை கிளட்ச் என்றால் உதவாது, கிளட்ச் ஆயிலிலேயே இல்லை. அதற்கு மருந்து உங்கள் வலது கால்தான், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து மேட்டில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். கிளட்ச் ஆயிலில் நனைந்தே ஓடும் வெட் கிளட்ச் என்றால் உதவும்.

கேள்வி: எல்லாம் மாட்டியாயிற்று. சூடு குறையவே இல்லையே?

முதலில் ஆயில் மட்டம். கூலரும் ஹோஸும் கொஞ்சம் ஆயிலை வாங்கிக்கொள்ளும், கம்பெனி சொல்லும் சூட்டில் அளந்து ஊற்றியிருக்க வேண்டும். கூடினால் நுரைக்கும், குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும்.

பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கூலருக்கு உள்ளே போகும் ஹோஸிலும் வெளியே வரும் ஹோஸிலும் காட்டுங்கள். இரண்டும் ஒரே சூடு என்றால் கூலருக்குக் காற்று போகவில்லை. வெளியே வருவது சில்லென்று இருந்தால் ஆயில் ஓட்டம் போதவில்லை, எங்கோ அடைப்பு. வித்தியாசம் சரியாக இருந்தும் கியர்பாக்ஸ் சூடு இறங்கவில்லை என்றால் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டிக்கொண்டே, பக்கத்தில் உட்கார்ந்தவரை ஸ்கேனரைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினும், கன்வெர்ட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் தண்டும் கிட்டத்தட்ட ஒரே சுற்றில் ஓட வேண்டும். 200, 300 சுற்று வித்தியாசம் நிற்கிறதா? லாக்-அப் பிடிக்கவில்லை. இன்னும் இரண்டு கூலர் சேர்த்தாலும் ஆகாது, பெட்டியை இறக்க வேண்டியதுதான்.