சத்தியம் பண்ணியவன் ஏன் திரும்பப் போனான்?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. மூன்று வருடமாகக் குடு (ஹெரோயின்) பழக்கம். ஆறு மாதம் புனர்வாழ்வு நிலையத்தில் இருந்து, உடம்பு தேறி வீட்டுக்கு வந்தான். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் அம்மாவின் தலையில் கை வைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியமும் பண்ணினான். இரண்டு கிழமை கூட ஆகவில்லை, பழைய ஒழுங்கைப் பக்கம் போய் மறுபடி தொடங்கிவிட்டான். அம்மாவின் காப்பு செட்டியார் தெருவில் அடகில் இருக்கிறது. அவனுக்கு எங்கள்மேல் பாசமே இல்லையா டொக்டர்? வலிக் குளிசை கொடுத்தால் சமாளிக்கலாம் என்று அவனுடைய நண்பன் சொல்கிறான். கொடுக்கலாமா? ஆவணியில் எனக்குக் கல்யாணம். அதைத் தள்ளிப் போடச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
– பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

பதில்: அன்புத் தங்கைக்கு,

பாசம் இருக்கிறது. கோயிலில் நின்றபோது அவன் பொய் சொன்னான் என்றும் நான் நினைக்கவில்லை. சத்தியம் பண்ணிய மூளைப் பகுதி வேறு, ஒழுங்கையைக் கண்டதும் விழித்துக்கொண்ட பகுதி வேறு. சிக்கல் அங்கேதான்.

வலியைத் தணிக்க நம் மூளை தானாகவே சில பொருட்களைச் சுரக்கிறது. எண்டோர்பின் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அபின் வகைப் பொருட்கள் மூளையில் போய் ஒட்டும் ஏற்பிகளை 1973இல் அமெரிக்காவில் கண்டேஸ் பேர்ட்டும் சொலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். அபின் தரும் கசகசாச் செடிக்காகவா நம் தலைக்குள் ஏற்பி இருக்கும்? உடம்பே எதையோ சுரக்க வேண்டும் என்று தேடியதில், 1975இல் ஸ்கொட்லாந்தில் என்கெபலின் என்ற அப்படியான பொருள் அகப்பட்டது. குடு, அதாவது ஹெரோயின், மூளைக்குள் போய் மோர்பினாக மாறி இதே ஏற்பிகளில் அளவு மீறி உட்காருகிறது.

நடுமூளையில் டோபமின் என்ற, ஆசையைத் தூண்டும் பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் வேறு கலங்கள் அவற்றுக்கு எப்போதும் பிரேக் பிடித்தபடி இருக்கும். ஹெரோயின் அந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. பசிக்குச் சாப்பாடு, துணை, பிள்ளை என்று உயிர் வாழத் தேவையானவற்றைத் தேடிப் போக வைக்கும் ஏற்பாடு அது. அதில் குடுவும் ஏறி, முன்வரிசையில் இடம்பிடித்துவிடுகிறது.

அப்புறம் நடப்பதுதான் குடும்பங்களுக்குப் புரியாமல் போகிறது. நாள்பட அதில் கிடைக்கும் சுகம் குறைகிறது, தேட்டம் மட்டும் கூடுகிறது. 1993இல் டெரி ரொபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை விளக்கி எழுதினார்கள். பிடிப்பதும் வேண்டியிருப்பதும் மூளையில் இரண்டு வேறு வேலைகளாம். எனவே ‘எனக்கு இது பிடிக்கவே இல்லை அக்கா’ என்று அழுதுகொண்டே அவன் போனால், அது நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள்.

இந்தத் தேட்டம் இடத்தோடும் பொருளோடும் ஒட்டிக்கொள்கிறது. ஈயத்தாள், லைட்டர், ஒரு கூட்டாளியின் குரல், அந்த ஒழுங்கை. புனர்வாழ்வு நிலையத்தில் இவை எதுவும் இல்லை. ஆறு மாதத்தில் உடம்பு தேறியது உண்மை. ஒழுங்கையின் ஞாபகம் அழியவில்லை. வியட்நாம் போரில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை, ஊர் திரும்பிய பின் லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் தேடிப்பிடித்து விசாரித்தார். மிகப் பெரும்பாலானோர் மறுபடி அடிமையாகவில்லை. இடம் மாறியது அதற்கு ஒரு முக்கிய காரணம் என்று சொல்வார்கள். அதற்காக மட்டக்களப்புச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். ஆனால் முதல் சில மாதங்கள் அவன் வேலைக்குப் போகும் வழியை மாற்றுவதும், போன் நம்பரை மாற்றுவதும், இன்னொரு சத்தியத்தை விடப் பயன் தரும்.

விட்டவுடன் வரும் உடல் வருத்தத்துக்கும் காரணம் உண்டு. மூளைத்தண்டில் விழிப்பைக் கவனிக்கும் சிறு பகுதியை ஹெரோயின் அடக்கி வைக்கிறது. அந்த அடக்குதலை மீறி வேலை செய்ய அதன் கலங்கள் பழகிக்கொள்கின்றன. ஹெரோயின் நின்றதும் அவை கட்டுக்கடங்காமல் துடிக்கும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, கைகால் உளைவு, வயிற்றோட்டம், தூக்கமின்மை. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமை பத்து நாளில் பெரும்பாலும் தணியும்.

குளிசை வேண்டவே வேண்டாம். இங்கே கைமாறும் ட்ரமடோல் என்ற வலிக் குளிசையும் அதே ஏற்பியில்தான் ஒட்டுகிறது, கூடினால் வலிப்பும் வரும். முறையான மருந்துகள் வேறு. மெதடோனும் புப்ரெனோர்பினும் மெதுவாக ஏறி, நீண்ட நேரம் நின்று, ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பயனில்லை. இவற்றில் எது கிடைக்கும், எது அவனுக்குப் பொருந்தும் என்பதை உளநல வைத்திய நிபுணர் தீர்மானிக்கட்டும். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்துக்குப் போகலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதம் விட்டிருந்ததில் பழைய அளவைத் தாங்கும் சக்தி அவனுக்குப் போய்விட்டது. முன்பு எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். கூப்பிட்டால் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, குறட்டை போல இழுத்து, உதடு நீலமானால், தூங்குகிறான் என்று விடாதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, அவனைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நலொக்சோன் என்ற ஊசி ஹெரோயினை அந்த ஏற்பிகளிலிருந்து தள்ளிவிடும், ஆனால் அது நேரத்தோடு கிடைக்க வேண்டும்.

கல்யாணத்தைத் தள்ளிப் போட வேண்டாம். அவன் தேறுவதற்கு ஆவணி போதுமா என்று யாரும் சொல்ல முடியாது, அதற்காக நீங்கள் காத்திருந்தால் அந்தப் பாரமும் அவன் தலையில்தான் ஏறும். நகைகளை மட்டும் வீட்டில் வைக்காமல் வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். அதை ஒளித்துச் செய்யாமல், அவனிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.